வாடகைக் கார் ஓட்டிய காசில் ஒரு இசைத்தட்டு நிறுவனம்: ஹைபீரியன் கதையும் நம்ம ஊர் கேசட்டுகளும்

பெரம்பூர் பியானோ

லண்டன் ஹைபீரியன் ரெக்கார்ட்ஸ் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் எழுதவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். பெரம்பூர், ராயபுரம் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் சர்ச் கொயரிலும் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறீர்கள். டிரினிட்டி கிரேடு பரீட்சைக்குப் பியானோ படித்தவர்கள் காதில் இந்தப் பெயர் எப்போதாவது விழுந்திருக்கும்.

1980இல் டெட் பெர்ரி என்பவர் தொடங்கியது. பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. இசைத்தட்டுக் கடையில் வேலை, சின்னச் சின்ன நிறுவனங்களில் வேலை, நடுவில் ஐஸ்கிரீம் வண்டி கூட ஓட்டியிருக்கிறார். சொந்தமாக லேபிள் தொடங்கிய பிறகும் வாடகைக் கார் ஓட்டித்தான் ரெக்கார்டிங் செலவைச் சமாளித்திருக்கிறார். முதல் வெளியீடு ஃபின்ஸி, ஸ்டான்ஃபோர்டு என்ற இரண்டு பேர் எழுதிய கிளாரினெட் கான்செர்டோக்கள், வாசித்தவர் தியா கிங். கையில் காசில்லாத ஆள் பீத்தோவனையோ மொசார்ட்டையோ போட்டுப் பிழைக்கப் பார்ப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் அதைச் செய்யவில்லை. பீத்தோவனுக்குப் பெரிய கம்பெனிகளிடம் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பதிவுகள் இருந்தன, அந்த வரிசையில் போய் நின்று என்ன பயன்? யாரும் தொடாததைத் தொட்டால்தான் கடைக்காரன் ரேக்கில் ஒரு இடம் கிடைக்கும். நஷ்டத்துக்குத் துணிந்த காரியம்தான், ஆனால் கணக்குத் தெரியாமல் செய்ததில்லை.

அதிர்ஷ்டம் அடித்தது 1982இல். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற கன்னிமடத் தலைவி இயற்றிய பாடல்களை கிறிஸ்டோபர் பேஜின் காதிக் வாய்சஸ் குழுவும் எம்மா கர்க்பியும் பாடிய தட்டு. வாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, குரல்தான். கிராமஃபோன் பத்திரிகை விருது வாங்கியது, வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது. பிற்பாடு நடன இசைக்காரர்கள் அதிலிருந்து துண்டு எடுத்துத் தங்கள் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அந்த ஒரு தட்டின் வருமானம்தான் அடுத்த பல தட்டுகளைத் தாங்கியது.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள்.

ராயபுரம் ஆல்டோ

அண்ணா, அந்த ஹில்டகார்ட் தட்டை ஒரு சர்ச்சில்தான் பதிவு செய்தார்கள், ஹாம்ஸ்டெட் பக்கம் செயின்ட் ஜூட் சர்ச். சொந்த ஸ்டூடியோ இல்லாத லேபிள்கள் எல்லாமே அப்படித்தான், வாடகைக்குச் சர்ச்சோ ஹாலோ பிடித்து, மைக்கை நிறுத்தி, தயாரிப்பாளர் பக்கத்து அறையில் ஸ்கோரை, அதாவது இசை எழுதிய தாளை வைத்துக்கொண்டு, எந்த டேக்கில் எந்தப் பகுதி நன்றாக வந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போவார். கூரை மேல் விமானம் போனால் நிறுத்தி மறுபடி.

எங்கள் கொயரும் ஒரு கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பை ராயபுரத்தில் ஒரு பழைய சர்ச்சில் பதிவு செய்தது. உயரமான கூரை, ஆமென் என்று நிறுத்தினால் குரல் மேலே போய்த் தங்கி இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் அடங்கும். எவ்வளவு காசு கொட்டினாலும் ஸ்டூடியோவில் அது வராது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி இருக்கிறதே! பகலில் ஒரு பாட்டுக் கூட முழுசாக எடுக்க முடியவில்லை. நள்ளிரவு தாண்டித்தான் எடுத்தோம், ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்வையில் ஸ்கோர் நனைய நனைய. அதனால் ஒரு சின்ன லேபிள் ஒரு தட்டு போடுகிறது என்றால் அதில் எவ்வளவு பேருடைய தூக்கம் போயிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

தங்கசாலை 78

எல்லாம் சரி. லண்டன் லேபிளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஊர் எது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மியூசிக் என்றாலே மயிலாப்பூர், தி.நகர் என்று ஆகிவிட்டது, அதனால்தான் சொல்கிறேன்.

தியாகராஜர் வந்து பாடியது திருவொற்றியூரில். வீணை குப்பையர் இருந்தது அங்கே. தீட்சிதர் தங்கியிருந்தது மணலியில். வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய் ஓசைப்படாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெங்களூர் நாகரத்தினம்மா வீடும் ஜார்ஜ் டவுன்தான். அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்கிற ஆர்மீனியன் தெருவுக்கு வந்தால் கோகலே ஹால். 1928 ஆகஸ்ட் 18இல் மியூசிக் அகாடமியையே தொடங்கி வைத்தது எஸ்பிளனேட் ஒய்எம்சிஏ அரங்கத்தில். ராஜா அண்ணாமலை மன்றம் 1952இலிருந்து அதே எஸ்பிளனேடில் நிற்கிறது.

ரெக்கார்டு விஷயத்துக்கு வருகிறேன். 1902இல் கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அதன் பிறகு சில வருடங்களிலேயே தெற்கத்திப் பாடகிகளின் தட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன, சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி எல்லாம் அந்தத் தலைமுறை. தாயியின் தட்டைக் கேட்டுவிட்டு மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த மெட்டை வைத்தே பாட்டு எழுதினார், மிருதங்க ஓசைக்காகப் பியானோ கம்பிக்கு அடியில் அட்டையைச் செருகச் சொல்லி. நம்ம ஊர் இசைத்தட்டு பாரிஸில் போய் அந்த வேலை செய்திருக்கிறது!

அந்தக் காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சத்தமாகச் சொல்வார் என்பது பலருக்குத் தெரியும். மெழுகு மூலப் பதிவு இங்கிருந்து கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் தொழிற்சாலைக்குப் போகும், அங்கே அச்சடிப்பவனுக்கு மொழி தெரியாது, லேபிளில் எந்தப் பெயர் போடுவது என்று புரிய வேண்டும், அதற்காக. மூன்று நிமிஷம்தான் மொத்த இடம், அதிலும் சில விநாடிகளைப் பெயருக்கு ஒதுக்கினார்கள்.

பெரம்பூர் பியானோ

தங்கசாலை சார், நீங்கள் எழுதியது இந்த இழைக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை, உள்ளே உள்ளதுதான். யார் பாடினார்கள், எங்கே, எப்போது, கூட வாசித்தவர் யார் என்று எழுதி வைப்பது. ஹைபீரியன் மேல் எனக்கு மதிப்பு வந்ததே அதனால்தான்.

ஷூபர்ட் வரிசையைப் பாருங்கள். 31 வயதில் செத்துப்போன மனிதர், 600க்கு மேல் பாட்டு எழுதியிருக்கிறார். பியானோக்காரர் கிரஹாம் ஜான்சனை மையமாக வைத்து, ஜேனட் பேக்கர் பாடிய முதல் சிடியிலிருந்து ஆரம்பித்து, வெவ்வேறு பாடகர்களை அழைத்து 37 சிடி. 1987இல் தொடங்கியது, முடியப் பதின்மூன்று வருஷம் போல ஆனது. ஒவ்வொரு சிடியோடும் ஜான்சன் எழுதிய தடித்த புத்தகம் வரும். பாட்டு வாரியாக, கவிஞர் யார், எந்தச் சூழ்நிலையில் எழுதியது, எந்த இடத்தில் சுதி மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று. எழுத்து அவ்வளவு பொடிசு, கண்ணுக்கு வலிக்கும், ஆனாலும் விட மனசு வராது. நான் ஷூபர்ட் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் புத்தகங்களில்தான். பிற்பாடு அதெல்லாம் விரிந்து மூன்று பெரிய தொகுதி நூலாகவே வந்தது.

லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் பியானோ இசை முழுவதையும் லெஸ்லி ஹோவர்டு ஒருவரே வாசித்தார், எல்லாம் சேர்த்துப் பெட்டியாக வந்தபோது 99 சிடி. ரொமான்டிக் பியானோ கான்செர்டோ வரிசை 1991இல் தொடங்கி 80 தொகுதிகளைத் தாண்டிவிட்டது, அதில் வருகிற பாதிப் பெயர்களைப் பியானோ டீச்சர்களே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

விற்காத தட்டை என்ன செய்வது என்பதில்தான் ஒரு லேபிளின் குணம் தெரியும். பெரிய கம்பெனி கேட்டலாகிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஹைபீரியன், ஸ்டாக் தீர்ந்துபோன தட்டுக்கும் ஆர்டர் வந்தால் ஒரே ஒரு சிடியாகப் பதிந்து அட்டையோடு அனுப்பும் ஏற்பாடு வைத்திருந்தது. புத்தகத்தின் பிடிஎஃப்பை இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருந்தார்கள். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒருத்தன் கேட்டாலும் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அது. பெரம்பூரில் அப்படி ஒருத்தனாக இருந்தவன் சொல்கிறேன்.

பாரிமுனை குமாஸ்தா

ஹைகோர்ட் வட்டாரத்தில் வேலை பார்ப்பதால் ஹைபீரியன் தோற்ற காப்புரிமை கேஸ் பற்றி நான் சொல்கிறேன், அதை யாரும் தொடவில்லை.

லலாந்து என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், 1726இல் இறந்தவர். அவர் இசையில் யாருக்கு உரிமை இருக்க முடியும்? அப்படித்தான் ஹைபீரியனும் நினைத்தது. ஆனால் அந்தப் பழைய பிரதிகளை ஒப்பிட்டு, தப்பைத் திருத்தி, காணாமல் போயிருந்த வயலா பகுதியைத் தானே எழுதிச் சேர்த்து, கீழ்க்குரலுக்கு எண்குறி போட்டு, வாசிக்கிற மாதிரி ஸ்கோர் தயாரித்தவர் ஓர் ஆய்வாளர். அந்த ஸ்கோரை வைத்துத்தான் பதிவு நடந்தது. அவர் ராயல்டி கேட்டார். லேபிள், ஸ்கோருக்கு வாடகை தருகிறோம், ராயல்டி கிடையாது, புதிதாக நீங்கள் இசை எதுவும் இயற்றவில்லையே என்றது. 2004இல் தீர்ப்பு ஆய்வாளர் பக்கம். 2005 மே மாதம் அப்பீலிலும் அவர் பக்கமே. அது மட்டும் இல்லை, சிடியில் "நன்றி" என்று அவர் பெயரைப் போட்டிருந்தார்கள், அது போதாது, ஆசிரியர் என்று போட்டிருக்க வேண்டும் என்றும் கோர்ட் சொன்னது.

நஷ்ட ஈடு பெரிய தொகை இல்லை. வழக்குச் செலவுதான் ஆளைக் கவிழ்த்தது, 10 லட்சம் பவுண்டு அளவுக்குப் போனதாக அப்போது செய்தி வந்தது. புதிய ரெக்கார்டிங்குகளைக் குறைக்க வேண்டி வந்தது. 2003இலேயே டெட் பெர்ரி இறந்துவிட்டார், மகன் சைமன் பெர்ரி தலையில் இது விழுந்தது.

எனக்கு ஹைபீரியன் பிடிக்கும், ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பாடம் ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர் வேலை எவ்வளவு பெரியது என்று தமிழ் படித்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியாசர்பாடி ஹெட்ஃபோன்

கடைசியில் வித்துட்டாங்களே. 2023 மார்ச்சில் யூனிவர்சல் வாங்கிவிட்டது. உலகத்திலேயே பெரிய மியூசிக் கம்பெனி. இத்தனை வருஷம் தனியாக நின்றேன் என்று சொன்னதெல்லாம் என்ன ஆச்சு?

பெரம்பூர் பியானோ

கோபம் புரிகிறது. முதலில் எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹைபீரியன் ரொம்ப வருஷம் ஸ்ட்ரீமிங்குக்கு வர மாட்டேன் என்று நின்றது. ஒரு தடவை கேட்டால் கிடைக்கிற சில்லறையில் ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஹால் வாடகைக்கும் எப்படிக் கொடுப்பது என்பது நியாயமான கேள்வி. 2023 ஜூலையில் முதல் 200 ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் வந்தன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை. அதே வருஷம் செப்டம்பரில் ஸ்வீடனின் பிஐஎஸ் லேபிளை ஆப்பிள் வாங்கியது. ராபர்ட் வான் பார் 1973இல் தொடங்கியது அது. இரண்டும் ஐம்பது வருஷம், நாற்பது வருஷம் ஒரு குடும்பம், ஒரு மனிதர் என்று ஓடியவை. அடுத்த தலைமுறைக்கு யார் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் வந்துதானே தீரும்?

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. வாங்கியவன் கையில் போனது வெறும் டேப் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, இடம், தயாரிப்பாளர், இன்ஜினியர், கட்டுரை, பாட்டு வரிகள் என்று முழுக் கணக்கும் போனது. அதனால் 40 வருஷத்துச் சரக்கையும் ஒன்றரை வருஷத்துக்குள் வெளியே கொண்டுவர முடிந்தது. இன்று வியாசர்பாடியில் உட்கார்ந்து லிஸ்டின் 99 சிடியையும் நீங்கள் கேட்கலாம். கணக்கு இல்லாத லேபிளை விலைக்கு வாங்கினாலும் இதைச் செய்ய முடியாது.

கொருக்குப்பேட்டை டெக்

இப்போது நான் பேச வேண்டும். பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருவது என் வேலை. இங்கே சொல்வதெல்லாம் கையில் பிடித்துப் பார்த்தவை.

எண்பதுகளில் கேசட் மலிவாக வந்ததும் எச்எம்வியின் ஏகபோகம் போனது. சங்கீதா மாதிரி லேபிள்கள் கர்நாடக இசையில் அருமையான பதிவுகள் போட்டன. அவற்றைத் தவிர, பெயர் கூட நினைவில் நிற்காத சின்ன லேபிள்கள் எக்கச்சக்கம். தவில், நாதஸ்வரம், தேவாரம், திருப்புகழ், கதாகாலட்சேபம் என்று பெரிய கம்பெனி தொடாததை எல்லாம் போட்டார்கள். டெட் பெர்ரி செய்ததும் அதைத்தானே.

என்னிடம் வருகிற கேசட் எப்படி இருக்கும் தெரியுமா? கடலோரக் காற்று, டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் நாசம். உள்ளே ஹெட்டில் டேப்பை அழுத்துகிற சின்ன ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும், அப்போது சத்தம் உள்ளே வாங்கி, தூரத்தில் யாரோ பாடுவது போல வரும். ஸ்குரூ போட்ட கேசட் என்றால் பிழைத்தேன், திறந்து டேப்பை வேறு ஓட்டுக்கு மாற்றிவிடுவேன். ஒட்டி மூடிய ஓடு என்றால் பிளேடால் ஓரம் ஓரமாகக் கீறிப் பிளக்க வேண்டும், கை நடுங்கினால் போச்சு.

இவ்வளவும் செய்து சத்தத்தை எடுத்துவிடலாம். கேசட் பெட்டிக்குள் இருக்கும் அச்சிட்ட அட்டை, அதாவது இன்லே கார்டைப் பார்த்தால்தான் அழுகை வரும். ராகம், தாளம் இருக்கும். பாடியவர் படம் பெரிதாக இருக்கும். வயலின், மிருதங்கம் யார்? சில கேசட்டில் இருக்கும், சிலதில் இருக்காது. எந்த வருஷம் பதிவானது, எந்த ஊரில்? பெரும்பாலும் கிடையாது. போன வருஷம் ஒரு நாதஸ்வரக் கேசட் வந்தது, தோடி ஆலாபனை அப்படி இருக்கிறது, கூட வாசிக்கிற தவில்காரர் கை அப்படிப் பேசுகிறது, அந்த மனிதர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. லேபிள்காரர் வீட்டைத் தேடிப் போனேன். மாஸ்டர் டேப் எல்லாம் வீடு மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

தங்கசாலை 78

1905இல் மெழுகில் பாடிய பெண்மணி பெயர் நமக்குத் தெரிகிறது. 1985இல் வாசித்த தவில்காரர் பெயர் தெரியவில்லை. இதை என்னால் தாங்க முடியவில்லை.

பாரிமுனை குமாஸ்தா

சட்டப்படியும் கேசட்டுக்குத்தான் சிக்கல். நம்ம காப்புரிமைச் சட்டம் 1957, ஒலிப்பதிவுக்கு 60 வருஷம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அதனால் 78 சுழற்சித் தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் இப்போது முடிந்துவிட்டது. 1985இல் வந்த கேசட் 2045 கடைசி வரை பூட்டுதான். லேபிள் மூடிவிட்டது, உரிமை யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரிடம் அனுமதி கேட்பது? பூட்டு திறக்கும்போது டேப்பில் சத்தம் இருக்குமா என்பது டெக் சாருக்குத்தான் தெரியும்.

கொருக்குப்பேட்டை டெக்

நல்ல டேப், உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் இருக்கும். நம்ம பக்கம் பரணில் கிடந்தால் சந்தேகம்தான்.

திருவொற்றியூர் வடிவு

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு யோசனை சொல்கிறேன், பெரியவர்கள் திருத்துங்கள்.

பாட்டை வெளியிடத்தான் உரிமை வேண்டும். விவரத்தை எழுதி வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், சரியா குமாஸ்தா சார்? அப்படியானால் நம் வீடுகளில் இருக்கிற சின்ன லேபிள் கர்நாடகக் கேசட்டுகளை ஒரு பட்டியலாகப் போடலாம். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பு அங்கே தட்டு வாங்கிச் சேர்த்தவர்கள், பர்மா பஜாரில் டெக் வாங்கியவர்கள் எல்லாம் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் பழசைக் கழிக்கிற காலம் இது. என் அப்பாவிடமே இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கிறது. கோயில் உற்சவத்தில் வாசித்தவர்களை வாசிப்பைக் கேட்டே சொல்லக்கூடிய பெரியவர்கள் தேரடிப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அந்தத் தவில்காரர் யார் என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கேசட்டின் சத்தத்தை எனக்கு ஒரு நிமிஷம் அனுப்ப முடியுமா டெக் அண்ணா?

பாரிமுனை குமாஸ்தா

விவரம் எழுதுவதில் ஒரு தடையும் இல்லை அம்மா. ராகம், பெயர், வருஷம், லேபிள் எண் எல்லாம் தகவல், அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அட்டைப் படத்தைப் பொதுவில் போடுவது வேறு விஷயம், அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை டெக்

அனுப்புகிறேன் தங்கச்சி, இன்று ராத்திரியே. பட்டியல் போடுகிறவர்கள் இன்லே கார்டை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். கேசட் ஓட்டின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் லேபிளையும் பாருங்கள், எண் அங்கே வேறாக இருக்கும். உள் அட்டையை முழுசாகப் பிரித்து மடிப்புக்குள் பாருங்கள், ரெக்கார்டிங் ஸ்டூடியோ பெயரும் பதிவு செய்தவர் பெயரும் பொடி எழுத்தில் அங்கேதான் ஒளிந்திருக்கும். யாராவது பேனாவால் தேதி எழுதியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், "பேனாவில்" என்று குறிப்பிட்டு. பூஞ்சை இருந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

ராயபுரம் ஆல்டோ

நான் கிறிஸ்தவக் கீர்த்தனைக் கேசட்டுகளையும் சேர்க்கலாமா? வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டுகள் ராகம் தாளத்தோடு பாடியவை எங்கள் சர்ச் அலமாரியில் நிறைய இருக்கின்றன. கூட வாசித்தவர்களில் சிலரை எனக்கே தெரியும், பெயரை அவர்களிடமே கேட்டு எழுதிவிடுவேன்.

பெரம்பூர் பியானோ

கட்டாயம் சேருங்கள். முதலில் அதையே ஆரம்பியுங்கள், கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே. பட்டியலுக்குத் தனி இழை திறந்துவிட்டேன். லேபிள் பெயர், எண், பாடியவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், வருஷம், இடம், விவரம் எங்கிருந்து கிடைத்தது. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். வடிவு, உங்கள் அப்பாவின் முதல் பெட்டியிலிருந்து தொடங்குவோமா?